கொடைக்கானல் மலைப்பாதையில் டவர் போனால் காரில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி என்ன செய்யும்?

பழனியில் முருகனைத் தரிசித்துவிட்டு, அடிவாரத்தில் வெயிலில் நின்ற காரை எடுத்துக்கொண்டு அப்படியே கொடைக்கானலுக்கு ஏறுவது பல குடும்பங்களின் வழக்கமான டூர் பிளான். சுமார் 64 கி.மீ. மலைப்பாதை. வளைவுகள் ஏற ஏற போனில் டவர் ஒரு கோடாகக் குறையும். அடுத்த வளைவில் அதுவும் காணாமல் போகும். ஆன்லைனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றுவிடும். வாட்ஸ்அப் மெசேஜ் போகாமல் கடிகாரக் குறியோடு நிற்கும். ஆனால் மேப்பில் இருக்கும் நீலப் புள்ளி மட்டும் எதுவுமே நடக்காதது போல நகர்ந்துகொண்டே இருக்கும்.

'டவரே இல்லை, இது மட்டும் எப்படி வேலை செய்யுது?' என்று பின்சீட்டில் இருந்து ஒரு குரல் வரும். நல்ல கேள்விதான். ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி இன்னொன்று இருக்கிறது. நீங்க எங்கே இருக்கிறீர்கள் என்பது உங்க போனுக்குத் தெரிகிறது. அந்த நேரத்தில் வேறு யாருக்காவது தெரியுமா?

தெரியாது. காருக்குள் பொருத்தும் 'கனெக்டட்' கருவிகளை வடிவமைப்பவர்களுக்கு இருக்கும் பெரிய தலைவலியே இதுதான்.

நீலப் புள்ளி நகர்வது எப்படி?

ஜிபிஎஸ் வேறு, நெட்வொர்க் வேறு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,000 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டு, நேரத்தையும் தங்கள் இருப்பிடத்தையும் ரேடியோ அலையாக அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வானொலி மாதிரி, ஒருவழிப் பாதை. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னல் கிடைத்தால், உங்க போனே கணக்குப் போட்டு இடத்தைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு டவர் தேவையில்லை, ரீசார்ஜும் தேவையில்லை.

அப்படியென்றால் மலையில் ஜிபிஎஸ் ஏன் சில நேரம் தடுமாறுகிறது? மலைப்பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பாறை இருக்கும் பக்கத்தில் பாதி வானம் மறைந்துவிடும். அந்தப் பக்கத்து செயற்கைக்கோள்களின் சிக்னல் நேராக வராமல், எதிர்ச்சரிவில் பட்டு எதிரொலித்து வரும். எதிரொலி சுற்றி வருவதால் தாமதமாகும். அந்தத் தாமதத்தைக் கருவி தூரம் என்று தப்பாக எடுத்துக்கொள்ளும். சமவெளியில் இந்தப் பிழை பெரிதாகத் தெரியாது. கொண்டை ஊசி வளைவில் கதையே வேறு. மேலே ஒரு ரோடு, அதற்குக் கீழேயே இன்னொரு ரோடு. சில பத்து மீட்டர் பிசகினாலே, நீங்க மேல் ரோட்டில் போகும்போது மேப் உங்களைக் கீழ் ரோட்டில் காட்டும்.

நல்ல கருவிகள் இதற்கு ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பியிருப்பதில்லை. கார் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை கைரோஸ்கோப் சொல்லும். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை வைத்து தூரத்தைக் கணக்கிடலாம். காற்றழுத்தத்தை அளக்கும் சின்ன சென்சார் ஒன்று இருந்தால், கார் மேல் ரோட்டில் இருக்கிறதா கீழ் ரோட்டில் இருக்கிறதா என்ற குழப்பமும் தீரும். உயரம் கூடினால் அழுத்தம் குறையும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. போனை ஆன் செய்ததும் நொடியில் இடம் தெரிவதற்குக் காரணம் இணையம்தான். செயற்கைக்கோள்களின் பாதை விவரத்தை போன் இணையத்தில் இருந்து எடுத்துக்கொள்கிறது. இணையம் இல்லாவிட்டால் அதை வானத்தில் இருந்துதான் வாங்க வேண்டும். அந்தத் தகவல் நொடிக்கு 50 பிட் என்ற நத்தை வேகத்தில் வருகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரத்தை முழுசாக வாங்கவே ஏறத்தாழ 30 விநாடி ஆகும், அதுவும் சிக்னல் தடங்காமல் கிடைத்தால். டவர் இல்லாத வளைவில் போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்ப்பது அவ்வளவு நல்ல யோசனை இல்லை என்பதற்கு இதுதான் காரணம்.

மஞ்சள் போர்டு வண்டியில் என்ன இருக்கிறது?

வாடகை டாக்ஸி, வேன், பஸ் போன்ற பொதுப் பயண வண்டிகளுக்கு இந்தியாவில் ஒரு விதி இருக்கிறது. ஏஐஎஸ்-140 என்ற தரத்தில் தயாரான இருப்பிடம் காட்டும் கருவியும், பயணிகள் அழுத்த அவசரப் பொத்தானும் வேண்டும். 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்த கொடூரத்துக்குப் பிறகு எழுந்த பாதுகாப்புக் கோரிக்கைகளின் தொடர்ச்சி இது. 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் பொதுப் பயண வண்டிகளுக்கு இது கட்டாயம். ஆட்டோவுக்கும் இ-ரிக்‌ஷாவுக்கும் விலக்கு உண்டு.

இந்தத் தரத்தை எழுதியவர்கள், டவர் போகும் என்பதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். நெட்வொர்க் இல்லாதபோது கருவி சும்மா இருக்கக் கூடாது. குறைந்தது 40,000 இருப்பிடப் பதிவுகளை உள்ளேயே சேமித்து வைத்து, டவர் கிடைத்ததும் அனுப்ப வேண்டும். 5 விநாடிக்கு ஒரு பதிவு என்று வைத்தாலும், 55 மணி நேரப் பயணம் அதில் அடங்கிவிடும். பழனியில் இருந்து கொடைக்கானல் போய், பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் சுற்றிவிட்டு இறங்கினாலும் மிச்சம் இருக்கும்.

சிம் கார்டும் நாம் போனில் போடுவது போன்றது அல்ல. கழற்ற முடியாதபடி உள்ளேயே பதித்த சிம். ஒரு நிறுவனத்தின் டவர் போனால் இன்னொன்றுக்கு மாறும் வசதி வேண்டும். வண்டி பேட்டரியில் இருந்து ஒயரைப் பிடுங்கினாலும் 4 மணி நேரம் ஓடும் அளவுக்குத் தனி பேட்டரி உள்ளே இருக்க வேண்டும். பிடுங்கிய செய்தியும் கட்டுப்பாட்டு மையத்துக்குப் போக வேண்டும். இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் சிக்னலையும் வாங்கத் தெரிய வேண்டும்.

அவசரப் பொத்தானை அழுத்தும்போது டேட்டா கிடைக்காவிட்டால், அதே தகவலை எஸ்எம்எஸ் ஆக அனுப்ப வேண்டும் என்பதும் விதி. பழைய காலத்து விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் பலவீனமான டவரில் வீடியோ ஓடாது, மேப் திறக்காது, ஒரு எஸ்எம்எஸ் மட்டும் எப்படியோ போய்ச் சேரும். ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஐரோப்பாவில் 2018 மார்ச் 31 முதல் புது மாடல் கார்களில் கட்டாயமான 'இ-கால்' வசதியும், விபத்து நடந்த இடம், நேரம், வண்டி விவரம் எல்லாவற்றையும் அதே 140 பைட்டுக்குள்தான் அடக்குகிறது. அதையும் டேட்டாவில் அனுப்பாமல், அவசர எண்ணுக்குப் போகும் சாதாரண போன் காலுக்குள்ளேயே ஒலியாக மாற்றி அனுப்புகிறது. இணையம் எட்டாத இடத்திலும் குரல் அழைப்பு எட்டலாம் என்ற கணக்கு.

சிக்கல் என்னவென்றால், இந்த விதி மஞ்சள் போர்டுக்குத்தான். சொந்தக் காரில் வருபவர்களுக்கு இல்லை. 2019-ல் ஹூண்டாய் வென்யூ போன்ற கார்கள் உள்ளேயே சிம்முடன் வந்த பிறகு, புதுக் கார்கள் சிலவற்றில் எஸ்ஓஎஸ் பொத்தான் இருக்கிறது. மற்றவர்களுக்கு எல்லாமே போன்தான்.

அமைதிக்கு என்ன அர்த்தம்?

சேமித்து வைத்து அனுப்புவது நல்ல ஏற்பாடுதான். ஆனா அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. டவர் இல்லாத வளைவில் வண்டி பள்ளத்தில் உருண்டுவிட்டால், சேமித்ததை அனுப்ப அந்த வண்டி டவர் உள்ள இடத்துக்கு வரவே போவதில்லை. 40,000 பதிவுகளும் பள்ளத்துக்குள்ளேயே கிடக்கும்.

கட்டுப்பாட்டு மையத்தின் திரையில் இருந்து பாருங்க. ஒரு வண்டி மலை மடிப்புக்குள் போய் டவரை இழந்திருக்கிறது. இன்னொரு வண்டி விபத்தில் சிக்கி அமைதியாகிவிட்டது. இரண்டுமே திரையில் 'ஆஃப்லைன்' என்ற ஒரே சாம்பல் நிறப் புள்ளிதான். ஒவ்வொரு ஆஃப்லைன் புள்ளிக்கும் அலாரம் அடித்தால், சீசன் நேரத்தில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் அடிக்கும். இரண்டாம் நாள் அந்த அலாரத்தை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இதற்குப் புதுக் கருவி தேவையில்லை, கொஞ்சம் யோசித்து எழுதிய மென்பொருள் போதும். ஒரே பாதையில் தினமும் நூற்றுக்கணக்கான வண்டிகள் போகின்றன. எந்த வளைவில் டவர் போகும், எங்கே திரும்பக் கிடைக்கும், நடுவில் சராசரியாக எத்தனை நிமிடம் என்பதை அந்தப் பழைய பதிவுகளே சொல்லிவிடும். வழக்கமாக 12 நிமிடத்தில் வெளியே வரும் இடத்தில் ஒரு வண்டி 40 நிமிடமாகியும் வரவில்லை என்றால், அது மட்டும்தான் சிவப்பாக மாற வேண்டும். டீ குடிக்க நிறுத்தியிருக்கலாம், குரங்குக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு போன் போட்டுக் கேட்கலாம், இல்லையென்றால் அடுத்து அதே வழியில் போகும் டிரைவரைப் பார்க்கச் சொல்லலாம். மலையில் டிரைவர்கள் ஒருவருக்கொருவர் காலங்காலமாகச் செய்துவரும் உதவிதானே இது!

இ-பாஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. ஆனால் அதன் நோக்கம் வேறு. மேலே எத்தனை வண்டி ஏறுகிறது என்று எண்ணுவதற்கானது அது. ஏறிய வண்டி இப்போது எங்கே இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

சிப்ஸ் பாக்கெட் சொல்லும் பாடம்

மலை ஏறும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். பழனி அடிவாரம் கடல் மட்டத்தில் இருந்து 300 மீட்டரை ஒட்டிய உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். இந்த ஏற்றத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. பாக்கெட்டுக்குள் அடைபட்ட காற்று விரியப் பார்க்கிறது.

காரில் வைக்கும் கருவியும் ஒரு பாக்கெட்தான். தண்ணீர் புகக் கூடாது என்று நாலு பக்கமும் இறுக்கி மூடினால், ஏறும்போது உள்ளே உள்ள காற்று சீல் வழியாகக் கசிந்து வெளியேறும். இறங்கும்போது வெளியில் உள்ள ஈரக் காற்றை உள்ளே இழுக்கும். மூடுபனியில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். உள்ளே போன ஈரம் இரவுக் குளிரில் துளியாகி சர்க்யூட்டில் படியும். நாலைந்து டூருக்குப் பிறகு கருவி காரணமே தெரியாமல் செத்துப்போகும். அதனால் தரமான கருவிகளில் காற்றை விட்டு, தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு வைத்த ஒரு சின்னத் துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிடாதீங்க.

அடுத்தது சூடு. அடிவாரத்தில் வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேல்பகுதி 70 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். ஐபோனை 0 முதல் 35 டிகிரி வரையிலான இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். போன் உள்ளங்கைக்காகச் செய்த பொருள், டேஷ்போர்டுக்காகச் செய்ததல்ல. வாகனங்களுக்கான சிப்கள் மைனஸ் 40-ல் இருந்து 85, 105 டிகிரி வரை தாங்கும்படி தனித் தரத்தில் சோதிக்கப்படுகின்றன. விலை கூடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதே கார் அன்று இரவு கொடைக்கானல் லாட்ஜ் வாசலில் நிற்கிறது. டிசம்பர், ஜனவரியில் அங்கே புல்வெளியில் உறைபனி படியும். லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். காலையில் சாவி போட்டதும் கருவி அவசரப்பட்டு சார்ஜ் ஏற்றக் கூடாது, முதலில் வெப்பநிலையைப் பார்க்க வேண்டும். பல டேஷ்கேம்களில் லித்தியம் பேட்டரிக்குப் பதில் சூப்பர் கெபாசிட்டர் இருப்பதற்குக் காரணம் இந்தச் சூடும் குளிரும்தான். அது அதிக நேரம் ஓடாது. மின்சாரம் போனால் கடைசி வீடியோவைப் பத்திரமாக மூடி வைக்கும் அளவுக்கு ஓடும்.

(கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேகுக்கு பேட்டரி பற்றிய கவலையே கிடையாது. அதில் பேட்டரியே இல்லை. சுங்கச்சாவடிக் கருவி அனுப்பும் ரேடியோ அலையில் இருந்தே மின்சாரம் எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. வடிவமைப்பில் பல நேரம் இல்லாமல் செய்வதுதான் பெரிய கெட்டிக்காரத்தனம்.)

கார் பேட்டரியும் நாம் நினைப்பது போல அமைதியான 12 வோல்ட் அல்ல. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 6, 7 வோல்ட்டுக்கு விழலாம். ஓடும்போது பேட்டரி ஒயர் கழன்றால் ஆல்டர்னேட்டரில் இருந்து பல மடங்கு வோல்டேஜ் பாயும். இரண்டையும் தாங்க வேண்டும். நிறுத்திய பிறகும் கருவி விழித்திருந்தால் இன்னொரு வம்பு. 50 மில்லிஆம்பியர் மட்டும் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. பத்து நாளில் 12. சின்னக் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. குளிர்ந்த காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தள்ளும்போது யாரும் அந்தச் சின்னப் பெட்டியைச் சந்தேகப்படுவதில்லை.

இரண்டு விநாடியில் 17 மீட்டர்

திரை விஷயத்துக்கு வருவோம். வண்டி ஓட்டும்போது ஒரு தடவைக்கு 2 விநாடிக்கு மேல் கண்ணை ரோட்டில் இருந்து எடுக்க வைக்கக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாக 12 விநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்று அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2013-ல் கார் திரைகளுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டது. 30 கி.மீ. வேகத்தில் 2 விநாடி என்பது சுமார் 17 மீட்டர். மலையில் ஒரு வளைவின் பாதி அதிலேயே முடிந்துவிடும். சமவெளி ஹைவேக்குச் சரியான அளவு, கொண்டை ஊசி வளைவுக்கு ரொம்பவே தாராளம்.

'குரலில் சொன்னால் போச்சு' என்பார்கள். பல குரல் உதவியாளர்கள் நாம் பேசுவதை இணையத்துக்கு அனுப்பித்தான் புரிந்துகொள்கின்றன. டவர் இல்லாத இடத்தில் அவை ஊமை. அவசரப் பொத்தான் என்பது திரைக்குள் மூன்றாவது மெனுவில் ஒளிந்திருக்கும் படமாக இல்லாமல், இருட்டிலும் கை தடவிக் கண்டுபிடிக்கும் நிஜப் பொத்தானாக இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ஐரோப்பிய கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப்பும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், எஸ்ஓஎஸ் போன்றவற்றுக்கு நேரடிப் பொத்தான்கள் இருப்பதை மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது.

பொத்தானை அழுத்த முடியாத நிலையில் இருந்தால்? விபத்தைத் தானாக உணரும் கருவிகள் அதற்குத்தான். அதிலும் சிக்கல். 2022-ல் ஐபோன் 14 வந்த புதிதில், அமெரிக்காவில் ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களின் போன்கள் கார் விபத்து என்று நினைத்து அவசர எண்ணுக்குத் தாமாகவே அழைத்தன. மலைப்பாதையிலும் திடீர் பிரேக், குலுக்கல், குழி எல்லாம் உண்டு. டபுள் டேப்பில் ஒட்டிய கருவி வெயிலில் பசை இளகிக் கீழே விழுந்தாலும் அதற்கு அது ஒரு 'மோதல்'தான். காரோடு சேர்த்தே வடிவமைத்த கருவிக்கு இங்கே ஒரு வசதி உண்டு, ஏர்பேக் விரிந்ததா என்பது அதற்குத் தெரியும். வெளியில் வாங்கி மாட்டும் கருவி ஊகிக்கத்தான் வேண்டும்.

வெளியில் வாங்குவதில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகும் கருவிகள் காரின் உள் நெட்வொர்க்கைத் தொடுகின்றன. 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்படிச் செருகிய ஒரு கருவிக்கு எஸ்எம்எஸ் அனுப்பியே, மெதுவாக ஓடிக்கொண்டிருந்த ஒரு காரின் பிரேக்கைச் செயலிழக்க வைத்துக் காட்டினார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத பெட்டியைச் செருகுவதற்கு முன், அதற்கு மென்பொருள் அப்டேட் வருமா என்றாவது கேளுங்க.

ஏறுவதற்கு முன் என்ன செய்யலாம்?

பழனியிலோ வத்தலக்குண்டிலோ நல்ல டவர் இருக்கும்போதே கொடைக்கானல் பகுதியின் ஆஃப்லைன் மேப்பை இறக்கி வைத்துக்கொள்ளலாம். இ-பாஸை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்வதும் நல்லது. எந்த வழியாக ஏறுகிறீர்கள், எத்தனை மணிக்குள் போய்ச் சேருவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்க. கருவியே இல்லாத காருக்கும் பொருந்தும் ஏற்பாடு அது. வாடகை வண்டியில் போனால் அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று டிரைவர் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

போனில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று வந்தால் கைவிட்டுவிட வேண்டாம். உங்க சிம் நிறுவனத்தின் டவர் இல்லை, ஆனால் வேறு ஏதோ டவர் எட்டுகிறது என்று அர்த்தம். டேட்டா ஓடாது, லொகேஷன் ஷேர் ஆகாது. 112-க்கு அழைத்துப் பேசிப் பார்க்கலாம். அப்போது எந்தப் பாதை, ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா, கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல்லில் என்ன எண் இருந்தது என்று சொன்னால் ஆம்புலன்ஸ் டிரைவருக்கு இடம் புரிந்துவிடும்.